சும்மா இருப்பது ஓய்வு அல்ல

இடம்பெயர்ந்த குடும்பங்கள் குடியமர்ந்திருக்கும் ஒரு கிராமத்திலே, கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவரின் வீட்டுச் சுவரில் கரப்பந்தாட்ட வலை ஒன்று தொங்குகிறது. அரச சார்பற்ற நிறுவனம் ஒன்று கொடுத்தது. கொடுத்த அன்று எல்லோரையும் நிறுத்திப் படம் எடுத்தார்கள். கூடக் கொடுத்த பந்து காற்றுப் போய் மூலையில் கிடக்கிறது. வலையைச் சுற்றியிருந்த பொலித்தீன் உறை இன்னும் கழற்றப்படவில்லை. ஏன் விளையாடுவதில்லை என்று தலைவரிடம் கேட்டோம். "சனத்துக்கு ஆர்வம் இல்லை" என்றார். இரண்டு வீடு தள்ளி விறகு கொத்திக்கொண்டு நின்ற ஒரு தாயிடமும் அதே கேள்வியைக் கேட்டோம். "ஆர்வம் இல்லாமல் இல்லைத் தம்பி. எந்த நேரம் போறது, எந்த வளவுக்குள்ள விளையாடுறது, ஆர் என்ன கதைப்பினம் எண்டு எல்லாம் யோசிக்க வேண்டிக் கிடக்கு" என்றார்.

எமது அபிவிருத்தி அறிக்கைகளில் தலைவரின் பதிலே எழுதப்படுகிறது. 'மக்களின் பங்கேற்புக் குறைவு' என்று ஒரு வரியில் முடித்துவிடுவோம். அந்தத் தாய் சொன்ன மூன்று காரணங்களையும் யாரும் எழுதிக்கொள்வதில்லை. அவற்றை எழுதவே இந்தக் கட்டுரை.

வீடு கட்டி முடியவில்லை, காணிக்கு உறுதி இல்லை, கடன் கட்ட வழியில்லை, இந்த நிலையில் விளையாட்டும் கூத்துமா என்று கேட்பவர்கள் உண்டு. முதலில் சாப்பாடு, பிறகு வீடு, பிறகு வாழ்வாதாரம், எல்லாம் முடிந்தபின் பொழுதுபோக்கு என்ற ஒரு வரிசை எம்மில் பலரது மனதில் பதிந்து கிடக்கிறது. அந்த வரிசை பிழை என்பது என் கருத்து. 1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வலிகாமம் வடக்கை விட்டு எழும்பியவர்களிலே இன்றுவரை சொந்தக் காணிக்குத் திரும்பாதவர்கள் இருக்கிறார்கள். அன்று ஐந்து வயதுப் பிள்ளையாக முகாமுக்கு வந்தவர் இன்று நாற்பதைத் தொட்டுவிட்டார். எல்லாம் சரிவந்த பிறகு விளையாடலாம் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லியிருந்தால் அது விளையாடாமலே கிழவனாகியிருக்கும். நல்ல வேளையாகப் பிள்ளைகள் எமது வரிசையைக் கேட்பதில்லை. முகாமில் தறப்பாள் கட்டி முடிக்கும் முன்னமே கோடு கீறிவிடுவார்கள். வரிசையைக் கேட்டு நடப்பவர்கள் பெரியவர்கள்தான், அதிலும் பெண்கள்.

கமக்காரக் குடும்பத்தின் ஓய்வு மணிக்கூட்டைப் பார்த்து வந்ததல்ல. அதைப் பயிர் தீர்மானித்தது. வன்னியிலே புரட்டாதி, ஐப்பசியில் காலபோகம் விதைத்தால், மாரி முழுவதும் களையும் உரமும் பன்றிக் காவலுமாகப் போகும். மாசி, பங்குனியில் அரிவு வெட்டிச் சூடடித்து நெல்லு வீட்டுக்கு வந்த பிறகு ஓர் இடைவெளி வரும். குளத்துத் தண்ணீர் இல்லாத ஊரில் அது நீண்ட இடைவெளி. கலியாணம், திருவிழா, மாட்டுவண்டிச் சவாரி, சித்திரை வருடப்பிறப்புப் போர்த்தேங்காய் எல்லாம் அதற்குள்ளே வந்தன. முல்லைத்தீவுப் பக்கத்தில் கோவலன் கூத்து, பல ஊர்களில் காத்தவராயன் கூத்து, மன்னாரின் கத்தோலிக்கக் கிராமங்களில் புனிதர்களின் கதையைச் சொல்லும் நாட்டுக்கூத்து, மட்டக்களப்பில் வடமோடியும் தென்மோடியும். ஒரு கூத்தைப் பழகி அரங்கேற்ற மாதக்கணக்கில் இரவுகள் வேண்டும். அந்த இரவுகள் களஞ்சியத்தில் நெல் இருந்தபடியால் கிடைத்தன. வேலைக்குள்ளேயும் சந்தோஷம் இருந்தது. மாடு விட்டுச் சூடு மிதித்த இரவுகளையும், துலா மிதித்து இறைத்தவர்கள் பாடிய பாட்டுக்களையும் எங்கள் முதியவர்கள் இன்றும் சொல்லிக் காட்டுவார்கள்.

காணியை விட்டு வந்தவன் இந்த நாட்காட்டியையும் விட்டுவிட்டு வந்தான். வந்த இடத்தில் பிறருடைய தோட்டத்தில் வெங்காயம் கிண்டப் போகிறான், மேசனுக்குக் கையாளாக நிற்கிறான். கூலிக்காரனுக்கு வேலையில்லாத நாள் ஓய்வு நாள் அல்ல. அடுப்பு எரியாத நாள். வேலை கிடைத்தால் உடம்பு முறியும்வரை வேலை, கிடைக்காவிட்டால் மதகடியில் குந்தியிருந்து கவலை. இரண்டுக்கும் நடுவிலே ஓய்வு என்று ஒன்று வருவதில்லை.

முகாமிலே இது இன்னும் மோசம். 2009 ஆம் ஆண்டிலே செட்டிகுளம் மனிக் பாம் முதலிய முகாம்களில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட சனம் முட்கம்பிக்குள்ளே இருந்தது. மனிக் பாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். அங்கே இருந்தவர்களுக்கு நேரத்துக்கு என்ன குறை என்று வெளியிலிருந்து பார்ப்பவர் நினைக்கலாம். ஆனால் தண்ணீருக்கு வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை, மலசலகூடத்துக்கு வரிசை, பெயர் பதிய வரிசை. எப்போது விடுவார்கள் என்று தெரியாமல் காத்திருப்பவருடைய நேரம் அவருடைய கையில் இல்லை. தன் நேரத்தைத் தானே எடுத்து, தான் விரும்பியதற்குச் செலவிடுவதைத்தான் ஓய்வு என்கிறோம். சும்மா இருக்க வைக்கப்படுவது வேறு. முகாம்களில் ஆண்கள் கடதாசி விளையாட்டிலும் கசிப்பிலும் விழுந்தார்கள் என்று நாம் எல்லோரும் குறை சொல்லியிருக்கிறோம். நானும் சொன்னவன்தான். அந்த ஆண்களுக்குச் சும்மா இருப்பதைத் தவிர வேறொன்றும் கொடுக்கப்படவில்லை என்பதை நாம் யோசித்தது குறைவு.

அதே முகாமில் அதே தறப்பாளின் கீழே இருந்த பெண்ணுக்குச் சும்மா இருக்கவும் நேரம் கிடைக்கவில்லை.

இப்படிப்பட்ட காலங்களிலும் எமது சனம் தடைகளைத் தாண்டியே வந்திருக்கிறது. 1990 க்குப் பின்னான பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்துக்கு பற்றரி வரவில்லை, மின்சாரமும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடியது. செய்தி கேட்கத் தொடங்கிய அந்த வழியில் பாட்டும் நாடகமும் கேட்டார்கள். சுற்றுபவருக்குக் கை நோக மற்றவர் மாறுவார். றேடியோ ஒரு வீட்டில், சைக்கிள் இன்னொரு வீட்டில், டைனமோ மூன்றாவது வீட்டில் என்று இருந்தபடியால் ஒரு குறிச்சியே கூடவேண்டியிருந்தது. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்தபோது சைக்கிளில் மூட்டைகளோடு அந்த டைனமோவும் போனது. இல்லாமையால் கூடினோம் என்று பெருமைப்பட இதை எழுதவில்லை. பொழுதுபோக்கு சோற்றுக்குப் பிறகு வருவது என்றால், சோற்றுக்கே தட்டுப்பாடான காலத்தில் ஏன் அவ்வளவு கஷ்டப்பட்டுப் பாட்டுக் கேட்டார்கள்?

இனி அந்தத் தாய் சொன்ன தடைகளுக்கு வருவோம். 'ஆர் என்ன கதைப்பினம்' என்பதை அவர் கடைசியாகச் சொன்னார். எனக்கு அதுதான் முதலாவதாகப் படுகிறது.

எமது ஊர்களில் துக்கத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. சைவர்களுக்கு எட்டு, முப்பத்தொன்று, ஆண்டுத் திவசம். கத்தோலிக்கருக்கு முப்பத்தோராம் நாள் பூசை, ஆண்டுப் பூசை. அந்த நாள்வரை அந்த வீட்டார் கொண்டாட்டங்களுக்குப் போகமாட்டார்கள், ஊரும் கூப்பிடாது. அந்த நாள் முடிந்ததும் ஊரே வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும். துக்கம் தீர்ந்துவிட்டது என்பதல்ல அதன் பொருள். இனி நீ எங்களோடு வா என்பதுதான். போரின் கடைசி மாதங்களில் இறந்தவர்களுக்குப் பல குடும்பங்கள் இந்தக் கணக்கைச் செய்ய முடியவில்லை. எடுத்து அடக்கவே முடியாதபோது எட்டு எங்கே, முப்பத்தொன்று எங்கே? காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கோ எண்ணத் தொடங்குவதற்கு ஒரு நாளே இல்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அந்தத் தாய்மார் வீதியோரம் இருந்து போராடத் தொடங்கினார்கள். பதில் தெரியாமலே அவர்களிற் பலர் இறந்துவிட்டார்கள். இப்படிப்பட்ட வீடு ஒன்றுக்கு அடுத்த வீட்டில் பிள்ளைகள் சத்தமாகச் சிரித்தால் 'ஸ்ஸ்' என்று அடக்கும் தாயை நான் கண்டிருக்கிறேன். அவரைக் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் அந்த 'ஸ்ஸ்' பதினைந்து வருடங்களுக்கு மேலாகத் தொடர்ந்தால் என்ன ஆகும்? பிள்ளைகள் சிரிப்பைத் தொலைபேசிக்குள் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு காதில் கம்பியை மாட்டிக்கொண்டு தனியே சிரிக்கிறார்கள். தொலைபேசியைத் திட்டுவது இப்போது எல்லோருக்கும் இலேசாகிவிட்டது. பங்குக் கூட்டங்களிலும் அதுவே பேச்சு. முற்றத்தில் சத்தமாக விளையாட இடமும் அனுமதியும் கொடுக்காமல் தொலைபேசியை மட்டும் பறித்தால் பிள்ளை எங்கே போகும்?

விவிலியத்திலே பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்கள் ஆற்றங்கரையிலே தங்கள் யாழ்களை மரத்தில் தொங்கவிட்டுவிட்டு அழுதார்கள் என்று ஒரு திருப்பாடல் இருக்கிறது. பிடித்தவன் பாடு என்று கேட்கும்போது பாட முடியாது என்று அவர்கள் மறுத்தார்கள். அந்த மறுப்பில் மானம் இருந்தது. முகாமுக்கு விருந்தினர் வரும்போது எங்கள் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஆடவைத்த காலங்கள் எனக்கு நினைவுக்கு வருகின்றன. ஆனால் அதே விவிலியத்தில், திரும்பி வந்த காலத்தில் இறைவாக்கினர் செக்கரியா எருசலேமின் எதிர்காலத்தை எப்படிக் காட்டுகிறார் என்று பாருங்கள். மதிலைப் பற்றியோ சந்தையைப் பற்றியோ அல்ல, பொல்லூன்றிய கிழவர்களும் கிழவிகளும் தெருவில் உட்கார்ந்திருப்பதையும், தெரு நிறையப் பையன்களும் சிறுமிகளும் விளையாடுவதையும் சொல்கிறார். மீள்குடியேற்றம் நடந்துவிட்டதா என்று அறிய எத்தனை வீடு, எத்தனை கிணறு, எத்தனை மலசலகூடம் என்று நாம் படிவம் நிரப்புகிறோம். செக்கரியாவின் படிவத்தில் வேறு கேள்வி இருக்கிறது.

துக்க வீட்டாரை இழுத்துக்கொண்டு வந்து விளையாட வைக்கச் சொல்லவில்லை. பழைய ஊர் செய்ததைச் செய்யலாம். அந்த வீட்டுக்குப் போய், 'அக்கா, ஞாயிறு பின்னேரம் பிள்ளையள் விளையாடப் போகினம், சத்தம் வரும், உங்களுக்கு மனம் சரியோ?' என்று கேட்கலாம். கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். சில வேளை வந்து ஓரமாய் இருப்பார்கள். கேட்காமல் விளையாடும்போதுதான் அது காயப்படுத்துகிறது. கணவனை இழந்த இளம் பெண்கள் விடயத்தில் ஊரின் வாய் இன்னும் கொடியது. அவள் விளையாட்டு விழாவுக்குப் போனாள், சிரித்தாள், பூ வைத்தாள் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் அவள் வீட்டு அரிசிப்பானையை எண்ணியதில்லை. இந்த வாயை அடக்க எந்தத் திட்டத்திலும் பணம் ஒதுக்க முடியாது. பங்குத் தந்தையும் ஐயரும் கிராமத்து மூத்த பெண்களும் தாங்களே அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினால் ஒரு மாதத்தில் அடங்கும்.

அடுத்தது நேரம். விடிய நாலரைக்கு எழும்பும் ஒரு பெண்ணின் நாளை எண்ணிப் பாருங்கள். தண்ணீர், சமையல், பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புதல், கூலிக்குக் களை பிடுங்கல், விறகு, மறுபடி சமையல், ஆடு, கோழி, வீட்டுப் பாடம். இரவு தொலைக்காட்சி நாடகம் பார்க்கும் அரை மணித்தியாலம்தான் அவளுக்கு இருக்கும் பொழுதுபோக்கு. அதையும் 'நாடகப் பைத்தியம்' என்று கேலி செய்கிறோம். அவள் இருந்தபடியே பார்க்கக் கிடைக்கும் ஒன்றே ஒன்று அது. பல கிராமங்களில் பெண்கள் வாரத்தில் ஒருமுறை ஒரே இடத்தில் கூடுகிறார்கள்: நுண்கடன் நிறுவனத்தின் தவணைக் கூட்டத்துக்கு. சேர்ந்து இருப்பதற்கென்று எமது கிராமங்களில் பெண்களுக்குக் கிடைத்த நேரம் கடனுக்காகக் கூடும் நேரமாயிருப்பது எவ்வளவு வெட்கம்!

ஆகவே விளையாட்டு ஒழுங்கு செய்பவர்கள் முதலில் பந்தைப் பற்றிப் பேசாமல் அடுப்பைப் பற்றிப் பேசவேண்டும். பின்னேரம் நாலரை மணிக்கு நிகழ்ச்சி என்றால் அது ஆண்களுக்கும் பையன்களுக்குமான நிகழ்ச்சி என்று பெயர் போடாமலே முடிவாகிவிட்டது. அந்த நேரத்தில் பெண் தண்ணீர்க் குழாயடியில் நிற்கிறாள். வாரத்தில் ஒரு நாள் பின்னேரம், தண்ணீர் அள்ளுவதையும் இராச் சாப்பாட்டையும் ஆண்கள் பார்ப்பது என்று சங்கத்தில் தீர்மானம் எடுத்தால் என்ன? ஆண்கள் சமைக்கத் தெரியாது என்பார்கள். முகாமில் பொதுச் சமையல் செய்தவர்கள் யார்? கிடாரத்தில் நூறு பேருக்குச் சோறு வடித்தவருக்கு வீட்டிலே நாலு பேருக்கு வடிக்க வராதா?

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியும் சொல்லவேண்டும். இது எம்மையே சுடும். இணைச்சட்ட நூலில் ஓய்வுநாள் கட்டளைக்குக் கொடுக்கப்படும் காரணம் எகிப்தின் அடிமை வாழ்வு. நீயும் அடிமையாயிருந்தவன், ஆகையால் உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல் ஓய்ந்திருக்க வேண்டும், மாடும் கழுதையும்கூட என்று அது கேட்கிறது. 1891 ஆம் ஆண்டு பாப்பரசர் 13 ஆம் சிங்கராயர் தொழிலாளர் பற்றி எழுதிய சுற்றுமடலும் அந்த ஓய்வைக் கேட்டது. எங்கள் பங்குகளிலோ ஞாயிறு காலை பூசை, பிறகு மறைக்கல்வி, பிறகு பக்திச் சபைக் கூட்டம், இளைஞர் கூட்டம், இடையில் பிள்ளைகளுக்கு ரியூசன். மாடும் கழுதையும் ஓய்கின்றன. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஓய்வதில்லை. ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு எந்தக் கூட்டமும் வைப்பதில்லை என்று எமது பங்குகள் தீர்மானித்தால் அதுவே பெரிய உதவி. இதற்கு வெளிநாட்டு நிதி தேவையில்லை.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சொந்த நிலம் இல்லாதவர்களுக்கு அது தெரிந்ததே. ஒருவருடைய வளவில் விளையாடினால் வேலி முறிந்தது, மாங்காய் விழுந்தது என்று சண்டை. மீள்குடியேற்றத் திட்டங்களில் வீட்டுக் காணிகளை அளந்து பிரிக்கும் நாளிலேயே பொது நிலம் ஒன்றைக் கேட்டு எழுத்தில் வாங்காவிட்டால் பிறகு கிடைக்காது. கரப்பந்தாட்டம் 1991 முதல் இலங்கையின் தேசிய விளையாட்டு. அதன் களத்துக்கு 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும், சுற்றிவர ஓடக் கொஞ்ச இடமும் போதும். கிளித்தட்டுக்குக் கோடு கீறச் சாம்பலும் ஆட்களும் இருந்தால் சரி. பந்தும் வேண்டாம், வலையும் வேண்டாம். முன்னர் போர் நடந்த இடங்களில் ஒன்றை மட்டும் தவறாமல் செய்யுங்கள். கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட நிலம்தானா என்று கிராம சேவையாளரிடம் உறுதி செய்யாமல் புதிய வெளியில் பிள்ளைகளை இறக்க வேண்டாம். பற்றைக்குள் விழுந்த பந்தை எடுக்க ஓடும் பிள்ளை பலகையில் எழுதியிருப்பதை வாசிப்பதில்லை.

காலை இழந்தவர்கள், முள்ளந்தண்டில் காயப்பட்டவர்கள் எமது ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கிறார்கள். விளையாட்டு விழாவிலே அவர்களுக்குக் கதிரை போட்டு முன்வரிசையில் இருத்துவது வழக்கம். மரியாதைதான். ஆனால் போருக்கு முன்னம் பந்தடித்தவனுக்கு அந்தக் கதிரை எப்படி இருக்கும்? இருந்தபடி ஆடும் கரப்பந்தாட்டம் என்று ஒன்று உண்டு. 1956 ஆம் ஆண்டு நெதர்லாந்தில் தொடங்கியது. களம் 10 மீற்றருக்கு 6 மீற்றர், வலையின் உயரம் ஆண்களுக்கு 1.15 மீற்றர், பெண்களுக்கு 1.05 மீற்றர். நிலத்தில் இருந்து, கையால் நகர்ந்து ஆடுவது. இரண்டு காலும் உள்ளவர்களும் அவர்களோடு நிலத்தில் இருந்து ஆடலாம். ஆடிப் பார்த்தால் யாருக்குக் கஷ்டம் என்று தெரியும். அந்த வலை, தலைவர் வீட்டுச் சுவரில் தொங்கும் அதே வலைதான். கொஞ்சம் பதித்துக் கட்டவேண்டியதுதான். மாற்றாற்றல் உடையோர் பொழுதுபோக்கிலும் விளையாட்டிலும் பங்குபெறும் உரிமையைச் சொல்லும் ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. சிறுவருக்கு ஓய்வும் விளையாட்டும் உரிமை என்று 31 ஆம் உறுப்புரையில் சொல்லும் சிறுவர் உரிமைச் சமவாயத்தை 1991 இலேயே ஏற்றது. மனித உரிமைப் பிரகடனத்தின் 24 ஆம் உறுப்புரை 1948 இலிருந்து எல்லோருக்கும் ஓய்வைச் சொல்லி வருகிறது. பிரதேச செயலகத்தில் மைதானம் கேட்டுக் கடிதம் எழுதும்போது இவற்றைக் குறிப்பிடுங்கள். கெஞ்சி எழுதத் தேவையில்லை.

பெண்பிள்ளைகளின் விடயம் தனியே எழுதவேண்டியது. பெரியபிள்ளையானதும் விளையாட்டை நிறுத்துவது எங்கள் வழக்கம். இடம்பெயர்ந்த இடத்தில் தெரியாத சனத்துக்கு மத்தியில் தாய்க்குப் பயம் இன்னும் கூட. அந்தப் பயத்தைப் பழைமைவாதம் என்று ஒதுக்கக் கூடாது. காரணம் இல்லாத பயமல்ல அது. தாய்மாரும் மைதானத்துக்கு வந்தால் மகள்மாரும் வருவார்கள். தாயை வீட்டில் விட்டுவிட்டு மகளை மட்டும் கூப்பிடும் நிகழ்ச்சி நிலைப்பதில்லை.

இன்னொரு தடை நாங்கள் வெளியில் பேசாதது. வந்த சனம், இருந்த சனம் என்ற பிரிவு, மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் கழனியாக்கியவர்களை இன்னும் வேறாகப் பார்ப்பது, சாதி. தன் கிணற்றில் அள்ள விடாதவர் தன் பிள்ளையை அந்தப் பிள்ளையோடு ஒரே பக்கத்தில் ஆட விடுவாரா? கிராமத்துக்கு ஒன்றல்ல, குறிச்சிக்கு ஒரு விளையாட்டுக் கழகம் ஏன் முளைக்கிறது என்று தெரிந்தும் நாம் எல்லாக் கழகங்களுக்கும் ஒவ்வொரு பந்து கொடுத்துவிட்டு வருகிறோம். பந்து கொடுப்பதற்கு முன் அணி எப்படிப் பிரிக்கப்படும் என்று கேட்கவேண்டும். மலையகத்தாரின் காமன் கூத்தைப் பார்க்க எங்கள் சனம் போனால், எங்கள் காத்தவராயனைப் பார்க்க அவர்கள் வருவார்கள்.

இது நடக்கக்கூடியது என்பதற்கு மட்டக்களப்பில் ஒரு சாட்சி உண்டு. 1996 இல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, யேசுசபைக் குருவான போல் சற்குணநாயகம் அடிகளும் கனடாவைச் சேர்ந்த போல் ஹோகனும் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே சேர்ந்து வந்து களிமண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை சொன்னார்கள், நாடகம் ஆடினார்கள். எனக்கு அதில் பிடித்தது ஒரு சின்ன விடயம்: பிள்ளைகளை ஊர்களிலிருந்து பஸ்ஸில் கூட்டிவந்தார்கள். 'பூங்கா திறந்திருக்கிறது, வாருங்கள்' என்று அறிவித்துவிட்டு இருந்திருந்தால் நகரத்துப் பிள்ளைகள் மட்டுமே வந்திருப்பார்கள். 'கிராமத்தாருக்கு ஆர்வம் இல்லை' என்று ஓர் அறிக்கையும் எழுதப்பட்டிருக்கும்.

எமது நிறுவனங்களின் விளையாட்டு விழாக்கள் பெரும்பாலும் இதற்கு மாறானவை. பிரதம விருந்தினர் பத்து மணிக்கு வருவார் என்று எட்டு மணிக்கே பிள்ளைகளை வெயிலில் நிறுத்துகிறோம். மாலை, பொன்னாடை, உரை, இன்னோர் உரை. வெற்றிக் கிண்ணம் வாங்கிய காசில் ஒரு வருடத்துக்குப் பந்து வாங்கலாம். ஓடத் தெரிந்த பத்துப் பேர் ஓட, மீதிச் சனம் கை தட்டிவிட்டுப் போகிறது. அடுத்த நாளிலிருந்து மைதானத்தில் மாடு மேய்கிறது. வருடத்தில் ஒரு விழாவை விட வாரத்தில் ஒரு பின்னேரம் மேல். பரிசு கட்டாயம் வேண்டுமென்றால் கடைசியாக வந்தவருக்கும் ஒரு சவர்க்காரக் கட்டி கொடுங்கள்.

விளையாட்டு என்றால் ஓடுவது மட்டுமல்ல என்பதையும் மறந்துவிட்டோம். முதியவர்களுக்குத் தாயமும் நாயும் புலியும் தெரியும். கொக்கான் வெட்டத் தெரியாத பாட்டி இல்லை. ஒரு தகரப் பெட்டியில் நாற்பது, ஐம்பது புத்தகங்களை வைத்து வீடு மாறி மாறி வைத்தால் அது வாசிகசாலை. பழைய ஊரில் அண்ணாவியாராயிருந்தவர் இன்று எந்தக் கிராமத்தில் யார் வீட்டில் ஒதுங்கியிருக்கிறார் என்று தேடினால், கொப்பி எரிந்துவிட்டாலும் பாட்டு அவர் தொண்டையில் இருக்கும். அவருக்கு வயது போகிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துத் தேடுங்கள்.

வேறொரு கிராமத்தில் மாதர் சங்கத்தார் வலை எதுவும் கிடைக்காமலே தொடங்கினார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம், ஐந்து மணிக்குப் பிறகு. முதல் நாள் ஐந்து பேர் மட்டும். மற்றவர்கள் வேலிக்கு மேலால் பார்த்தார்கள். சாம்பலால் கோடு கீறிக் கிளித்தட்டு. சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிய ஒருவருக்கு வயது ஐம்பத்தெட்டு. யார் கிளி என்பதில் தகராறு வந்தது. கோட்டை மிதித்தாயா இல்லையா என்பதில் இன்னொன்று. மகனை 2009 இல் பறிகொடுத்த ஒரு தாய் இரண்டாவது வாரம் வந்து மரத்தடியில் இருந்தார். மூன்றாவது வாரம், 'அவள் கோட்டை மிதிச்சவள், நான் கண்டனான்' என்று அங்கிருந்தே சத்தம் போட்டார். அதன் பிறகு தீர்ப்புச் சொல்வது அவர் வேலையாகிவிட்டது. இருட்டும் நேரம் ஒரு வீட்டிலிருந்து சோறு அடிப்பிடித்த மணம் வந்தது. 'என்ரை மனிசன்தான்' என்று ஒருத்தி சொன்னாள். யாரும் விளையாட்டை விட்டுவிட்டு ஓடவில்லை.